வீட்டில் பெயர் சொல்லாத கம்பெனி

ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் பூட்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

உலகத்தில் எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் உயரமான கண்ணாடிக் கட்டடத்தின் நெற்றியில் பெயரை மாட்டி வைத்திருக்கும் நாலு தணிக்கை நிறுவனங்கள் உண்டல்லவா, அதில் ஒன்றில் அவள் மேனேஜர். பத்தொன்பது வருட சர்வீஸ். பெரிய கம்பெனிகள் வருடக் கடைசியில் தங்கள் கணக்கை ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால், 'ஆமாம், பார்த்தோம், சரிதான்' என்று வெளியாள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்த வெளியாள் வேலைதான் இவர்களுக்கு. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, பார்த்ததைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பதற்குச் சம்பளம்.

மற்றவர்கள் இந்த மௌனத்தை ஆபீஸ் லிஃப்ட்டோடு இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். பூட்டு வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போவாள். எந்தக் கம்பெனிக்குப் போகிறாள் என்று பெயரைக்கூடச் சொல்ல மாட்டாள். கணவர் கேட்டால் "வெளியில", மகள் கேட்டால் "தூரமா", அவ்வளவுதான் பதில். நிறுவனம்கூட இவ்வளவு கேட்கவில்லை. உள்விஷயம் பேசாதே என்றுதான் அது சொன்னது. பெயரையும் சேர்த்து விழுங்கியது இவளாகப் போட்டுக்கொண்ட விரதம். ஒருநாள் ஷூவில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இன்னைக்கு சிமெண்ட் கம்பெனியாம்மா?" என்று பத்து வயது மகள் கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து ஷூவை ஆபீஸிலேயே துடைத்துவிட்டு வர ஆரம்பித்தாள். அப்படிப்பட்ட மனுஷி.

கணவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. அவர் நேர் எதிர். கண்ணைச் சோதிக்க வந்தவர் எழுந்து போவதற்குள் அவருடைய மூன்று தலைமுறைக் கதையும் இவருக்குத் தெரிந்துவிடும், இவருடைய கதை அவருக்குத் தெரிந்துவிடும். ஊர் உலகத்தையே பேச வைத்தவருக்கு மனைவியிடம் மட்டும் ஒன்றும் பலிக்கவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவரும் பழகிக்கொண்டார்.

இந்தத் தொழிலில் இன்னொரு கட்டளையும் உண்டு. நிறுவனம் தணிக்கை செய்கிற கம்பெனியின் பங்கு ஒன்றுகூட இவர்கள் கையில் இருக்கக்கூடாது. இவர்கள் கையில் மட்டுமல்ல, கணவன், மனைவி, பிள்ளை யார் கையிலும் கூடாது. கம்பெனி நன்றாக இருந்தால் உனக்கும் லாபம் என்றால், நீ எப்படி வெளியாள்? நியாயமான கேள்விதான். அதனால் வருடாவருடம் ஒரு படிவம். 'எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை' என்று ஒரு கட்டத்தில் டிக். 'வீட்டாருக்கு இந்த விதியை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்' என்று அதற்குக் கீழே இன்னொரு டிக். எந்தெந்தக் கம்பெனி கூடாது என்று ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியலும் தருவார்கள், வீட்டில் காட்டிவைக்கச் சொல்லி. பூட்டு இரண்டு டிக்கையும் வருடம் தவறாமல் போட்டாள். பட்டியலை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை. கடை வாடகை கட்டவே கணக்குப் பார்க்கிற மனுஷனிடம் பட்டியலைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள்.

ஒரு புதன்கிழமை ஆறாம் மாடியிலிருந்து மெயில் வந்தது. ஆறாம் மாடியில் இருப்பது சார்பின்மைப் பிரிவு. இந்த டிக்குகள் உண்மையா பொய்யா என்று சலித்துப் பார்ப்பது அவர்கள் வேலை என்பதால் மற்ற மாடிக்காரர்கள் அதைச் சல்லடை என்பார்கள். இந்த வருடக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது, உங்களுடைய, உங்கள் கணவருடைய எல்லா பேங்க், முதலீட்டுக் காகிதங்களையும் பத்து நாளுக்குள் அனுப்புங்கள் என்று இருந்தது. பூட்டு பதறவில்லை. மடியில் கனமில்லாத ஆளுக்கு என்ன பயம்? சாயங்காலம் நேரே கணவரின் கடைக்குப் போனாள்.

"ஏங்க, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. உங்க பேர்ல அந்த ஒரு பேங்க் கணக்குதானே?"

அவர் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். திருகாணி கைநழுவி எங்கோ விழுந்தது. குனிந்து தேடினார். திருகாணி கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் கீழேயே இருந்தார்.

"ஒண்ணுதான்... அதோட இன்னொண்ணு இருக்கு."

"இன்னொண்ணா?"

"உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு வெச்சிருந்தேன். பாப்பா காலேஜுக்கு. ஞாயித்துக்கிழமை கடை திறக்கறேன்ல, அந்தக் காசையெல்லாம் நாலு வருஷமா ஒதுக்கி..." என்று இழுத்தவர், லென்ஸ் தட்டுகளுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

அறுநூறு பங்குகள். ஒரே கம்பெனி. பெயிண்ட் கம்பெனி.

பூட்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருடமாக அந்தப் பெயிண்ட் கம்பெனிக்குத் தணிக்கைக்குப் போகிற குழுவுக்குத் தலைமையே அவள்தான். ஊரில் எத்தனை ஆயிரம் கம்பெனி இருக்கிறது, இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கைவைத்த இடம் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. 'அங்கே போகிறேன்' என்று ஒரே ஒருநாள் வாய் திறந்திருந்தால் அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்.

அது பாதிதான். காகிதத்தில், மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்கிய தேதியை அப்புறம்தான் பார்த்தாள். அந்தத் தேதிக்கு ஐந்து வாரம் முன்னால் அவள் அந்தக் கம்பெனியின் கிடங்கில் நின்றிருந்தாள். வருடக் கடைசி சரக்கு எண்ணிக்கை அது. கம்பெனி ஆட்கள் அடுக்கு அடுக்காக எண்ணிக்கொண்டு போவார்கள், தணிக்கைக்காரர்கள் கூடவே நடந்து சரிபார்ப்பார்கள். எண்ணிக்கை அச்சு அசலாகச் சரியாக இருந்தது. போகிறபோக்கில் அவள் ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இன்னொன்றைக் குலுக்கினாள். அதுவும் ஊமை. திறக்கச் சொன்னாள். பெயிண்ட் செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. அன்றைக்கு நாற்பது டப்பாவை மூடி கழற்ற வைத்தாள், அதில் முப்பத்தொன்று செங்கல். கம்பெனிக்காரர்கள் பூசி மெழுகப் பார்த்தார்கள். அவள் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் கிடங்கில் பாதியைச் செல்லாச் சரக்கு என்று கணக்கிலிருந்து தள்ள வேண்டியதாயிற்று. அந்தச் சேதி பேப்பரில் வந்தது அதற்கும் மூன்று மாதம் கழித்துத்தான். நடுவில் அது தெரிந்தவர்கள் ஒரு பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தியின் கணவர், அந்த நடுவில், அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கியிருக்கிறார். கேட்கிறவன் என்ன நினைப்பான்? விதி தெரியாமல் வாங்கிவிட்டார் என்றா நினைப்பான்? வீட்டில் உளவு சொல்லியிருக்கிறாள் என்றுதான் நினைப்பான். வேலை மட்டுமல்ல, வெளியே தலைகாட்ட முடியாது.

"என்ன, நல்ல கம்பெனி இல்லையா?" என்றார் கணவர் அப்பாவியாக.

"எங்க நிறுவனம் ஆடிட் பண்ற கம்பெனி. வாங்கவே கூடாது." தானே அங்கே போகிறவள் என்பதை அப்போதும் சொல்லவில்லை. தலையே போகிற நேரத்திலும் பூட்டு பூட்டாகத்தான் இருந்தது.

அவர் விஷயம் புரிந்து வெலவெலத்துப் போனார். அப்புறம் ஒரு வழி சொன்னார். "இந்தக் கணக்கு ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாதே. நாளைக்கே வித்து மூடிடறேன். பழைய பேங்க் காகிதத்தை மட்டும் குடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் உடனே 'சீ' என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்தாள். நாலாம் மாடியில் ஒருவர் இருந்தார், மனைவி பெயரில் இருந்ததை மறைத்தவர். குட்டு உடைந்த அன்றே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு காபிக் கோப்பையும் ஒரு தொட்டிச் செடியுமாக லிஃப்ட்டில் இறங்கிப் போனார். மறைத்தால் அந்தக் கதி. சொன்னால்? அது யாருக்கும் தெரியாது. சொன்னவர்கள் கதை வெளியே வருவதில்லை.

சனிக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது முடிவுக்கு வந்தாள். பத்தொன்பது வருடமாக எத்தனையோ கம்பெனியில், எத்தனையோ மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவள் கேட்ட கடைசிக் கேள்வி, "வேற ஏதாவது இருக்கா?" இருந்தும் 'இல்லை' என்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. உதடு சிரிக்கும், கண் பேப்பர்வெயிட்டைப் பார்க்கும். அந்த முகத்தோடு இன்னும் இருபது வருடம் தினமும் பல் தேய்க்க முடியாது என்று தோன்றியது.

"திங்கக்கிழமை நானே போய்ச் சொல்லிடறேங்க" என்றாள்.

"வேலை போயிட்டா?"

"போனா போகட்டும். உங்க கடையில உக்காந்து ஃபிரேம் துடைக்கிறேன்."

"நீ இருந்தா கஸ்டமர் ஒருத்தர்கூடப் பேச மாட்டாங்களே" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சொல்லிவிடுவது என்று முடிவானதுமே பாதி பாரம் இறங்கிவிட்டது. அன்றுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். வாங்கிய தேதி, கிடங்குக்குப் போன தேதி, எல்லாம் இருந்தது. 'விதியை வீட்டில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன் என்று வருடாவருடம் டிக் போட்டேன், உண்மையில் சொன்னதில்லை, அது என் தவறு' என்றும் எழுதினாள். ஆறாம் மாடியிலிருந்து பதில் வந்தது, புதன்கிழமை பதினோரு மணிக்குக் கணவரோடு வரவும் என்று.

விசாரித்தது ஐம்பது வயதுப் பெண்மணி. நரைத்த கிராப்பு, சிரிப்புக்கு இடம் கொடுக்காத முகம், இடது பக்கம் இறங்கிய மூக்குக்கண்ணாடி. சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி.

"நான் சாரைத்தான் கேக்கப்போறேன். அவர் பேசும்போது நீங்க குறுக்கே பேசக்கூடாது" என்று பூட்டிடம் சொன்னார். பூட்டைப் பேசாதே என்று சொல்ல வேண்டிய அவசியம் அந்த அறையில்தான் முதல்முறையாக வந்தது.

"சார், பங்கு வாங்கக்கூடாதுங்கற விதியை உங்க மனைவி உங்களுக்கு எப்பவாவது சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்கா மேடம்."

பூட்டு திடுக்கிட்டுத் திரும்பினாள். ஐயோ, என்னைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொல்லித் தொலைக்கிறாரே! மூன்று பக்கத்துக்கு 'சொல்லவில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே!

"அவங்க சொல்லலைன்னு எழுதியிருக்காங்க."

"அவளுக்கு மறந்துபோச்சு. கல்யாணமான நாலாம் நாள். புது வீட்டுக்குப் பாத்திரம் வாங்கப் போனோம். பில் போடற வரிசையில நிக்கறோம். திடீர்னு சொன்னா, 'என்னைக் கேக்காம ஷேர் கீர்னு எதுவும் வாங்கிடாதீங்க, என் வேலைக்கு ஆபத்து'ன்னு. நான் சொன்னேன், 'இந்த வாணலியையே தவணையில தருவாங்களான்னு பாத்துட்டிருக்கேன், நானாவது ஷேராவது'ன்னு. சிரிச்சா. முன்னாடி நின்ன அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாங்க."

பூட்டுக்கு வரிசை ஞாபகம் வந்தது. பச்சைக் கைப்பிடி போட்ட வாணலி. சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் திரும்பி முறைத்ததுகூட. சொல்லியிருக்கிறாள்! தான் சொன்னதே தனக்கு நினைவில்லை, பேச்சே வராத வாயிலிருந்து உதிர்ந்த ஒவ்வொன்றையும் இந்த மனுஷன் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் வாங்கினீங்க?"

"அது பெரிய பணக்காரங்களுக்கான விதின்னு நினைச்சிட்டேன் மேடம். ஞாயித்துக்கிழமைக் காசுல வாங்கறவனையெல்லாம் யாரு கணக்குல வெச்சுக்கப்போறாங்கன்னு. தப்புதான். தப்பு என்னோடது."

"இந்தக் கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"எங்க வீட்டு வெளிச்சுவத்துல அவங்க பெயிண்ட்தான். எட்டு வருஷ மழைக்கு அசையல."

அந்தப் பெண்மணி கம்பெனியின் ஆண்டறிக்கைப் புத்தகத்தை மேஜையில் வைத்துப் பின்பக்கத்தைத் திறந்தார். "இதோ, தணிக்கை செஞ்சது யாருன்னு எங்க நிறுவனத்தோட பேரே அச்சடிச்சிருக்கு. பார்க்கலையா?"

"முதல் நாலு பக்கம் படம் நல்லாயிருந்துது மேடம். அதுக்கப்புறம் யாரு படிக்கறா?"

"எழுதறவங்களாவது படிக்கறாங்களான்னு எனக்கே சந்தேகம்" என்று முணுமுணுத்துவிட்டு, அடுத்ததைக் கேட்டார். "உங்க மனைவி வேலை சம்பந்தமா வீட்டுல என்ன பேசுவாங்க?"

"மேடம், அவ எந்தக் கம்பெனிக்குப் போறான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சாப்பிட்டாளான்னு கேட்டா, சாப்பாடு எங்கேன்னு சொல்லாம 'ஆச்சு'ம்பா. எங்க பொண்ணு ஸ்கூல்ல 'அம்மா என்ன வேலை'ங்கற இடத்துல 'தெரியாது'ன்னு எழுதிட்டு வந்தா."

பெண்மணி இன்னொரு தாளை எடுத்துப் பூட்டின் பக்கமாகத் தள்ளினார். பங்கின் விலைக் கோடு. மேலே போயிருந்த கோடு ஒரு மாதத்தில் சறுக்கு மரமாக இறங்கியிருந்தது.

"மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. தேதி இருக்கு, எண்ணிக்கை இருக்கு. வாங்கினதுல லாபமா நஷ்டமான்னு ஒரு வரி இல்ல. பத்தொன்பது வருஷ ஆடிட்டர்!"

பூட்டு தாளையே பார்த்தாள்.

"போட்டதுல மூணுல ஒரு பங்கு போச்சு உங்களுக்கு. உள்விஷயம் தெரிஞ்ச வீட்டுல அந்த மாசம் கையில இருந்ததை வித்திருப்பாங்க. புதுசா யாராவது வாங்குவாங்களா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயத்தில் தேதியை ஆயிரம் முறை பார்த்தவள், தொகையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர்கள் இழந்த காசே அவர்களுக்குச் சாட்சி. வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. தண்ணீர் ஜாடியை எடுத்து ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் குடித்தாள். நஷ்டப்பட்டதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை ஆறாம் மாடி அதுவரை பார்த்திருக்காது.

எழுந்திருக்கும்போது கணவர் தயங்கினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. ரெண்டு நிமிஷ வேலை, இப்பவே சரிபண்ணித் தரேன்."

"அது அன்பளிப்புக் கணக்குல வரும் சார்" என்றார் பெண்மணி. முதல்முறையாகச் சிரித்தார். "விசாரணை முடியட்டும். கடைக்கே வந்து காசு கொடுத்துச் சரிபண்ணிக்கறேன்."

மறு வாரம் வியாழக்கிழமை கடிதம் வந்தது. அவள் அதை ஆபீஸில் பிரிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், கண் சோதனை செய்கிற உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கணவரிடம் நீட்டினாள். அவர் சத்தமாகப் படித்தார். எழுத்துமூலம் எச்சரிக்கை. அந்தக் கம்பெனிப் பக்கம் இனி போகக்கூடாது. அவள் பார்த்த வேலையை வேறொரு குழு மறுபடி பார்த்துவிட்டது, குறையில்லை. பங்குகளை விற்றாயிற்று என்பதைப் பதிவு செய்துகொண்டோம். பட்டியலைக் கணவரிடம் கொடுத்து அவருடைய கையெழுத்தை வாங்கி அனுப்பவும். அவ்வளவுதான். வேலை இருக்கிறது.

"அப்பாடா!" என்று அவர் விட்ட மூச்சில் கவுண்டர் மேலிருந்த ரசீது பறந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி கடைக்குள் மேலும் கீழும் நடந்தார். பட்டியலில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா நஷ்டத்தைச் சொன்னதுலேர்ந்து மண்டையைக் குடைஞ்சிட்டிருக்கு. கிடங்குல பெயிண்ட் எல்லாம் காஞ்சுபோச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, அதுக்கப்புறம்தானே விலை விழுந்தது? அந்த டப்பாவையெல்லாம் வேலை மெனக்கெட்டுத் திறந்து பாத்த மகராசன் யாரு?"

பூட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் கண் சோதனை அட்டை தொங்கியது. அதில் மேல் வரியிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "அடிப்பாவி!" என்றார். "நீயா?"

அவள் இரண்டாவது வரிக்குப் போனாள்.

அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா நான் சேத்ததை, மூடியைத் திறந்து நீயே... சொல்லாதே, சொல்லாதே. சொல்லவே சொல்லாதே." சிரிப்பு அடங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லவேளை, எங்கிட்ட நீ சொல்லல. சொல்லியிருந்தா காசு தப்பிச்சிருக்கும். ஆனா உள்விஷயம் சொன்னவளா நீ இந்த நாற்காலியில இப்படி நிம்மதியா உக்காந்திருக்க மாட்டே."

நாலாவது வரியில் அவள் நின்றுவிட்டாள்.

"ஏன், அந்த வரி தெரியலையா?"

"தெரியல" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அவர் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையை அடைத்துவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.